அண்மையில் படித்த நாவல்களில் உங்களை அதிகம் உலுக்கியது எது?

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. பினாங்குக்காரியான எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை.

சிங்காரம் எழுதியது இரண்டே நாவல்கள். 1959இல் வந்த 'கடலுக்கு அப்பால்', 1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'. இந்த வருடம் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். சிங்கம்புணரியில் பிறந்து, இளவயதிலேயே இந்தோனேசியாவின் மெடானுக்குக் கடை வேலைக்குப் போய், போருக்குப் பின் மதுரை திரும்பி தினத்தந்தியில் சேர்ந்தவர் அவர். இரண்டாவது நாவலை எழுதி முடித்த பிறகு அது அச்சாக ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. இவ்வளவு பெரிய எழுத்து அத்தனை காலம் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது.

'கடலுக்கு அப்பால்' நேரான கதை. வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா, நேதாஜியின் படையில் சேர்ந்துவிட்டு பினாங்குக்குத் திரும்பி வருகிறான். அவனும் முதலாளி வானாயீனாவின் மகள் மரகதமும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனித் தொழிலுக்கு ஆகமாட்டான் என்று வானாயீனா மறுத்துவிடுகிறார். படிக்கும்போது அவர்மேல் எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் சிங்காரம் அவரை வில்லனாக்கவே இல்லை. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறி வரும் உலகம் அது. அங்கே ஒருவனுடைய தகுதியை எப்படி எடைபோடுவார்கள் என்பதை உள்ளே இருந்தவர் மட்டுமே எழுத முடியும். பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் (தங்கி வட்டித் தொழில் நடத்திய கட்டடங்கள்) இருந்த பக்கமாக நான் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். இந்த நாவலைப் படித்த பிறகுதான் அந்தச் சுவர்களுக்குள் மனிதர்கள் கணக்கு எழுதியதும், தூங்கியதும், ஊரை நினைத்து ஏங்கியதும் எனக்குத் தெரியத் தொடங்கியது.

'புயலிலே ஒரு தோணி' வேறு உயரம். ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதைப் பார்க்க ஜனம் தெருவில் கூடி நிற்கும் இடத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. நாயகன் பாண்டியன் நிற்பது மெடான் தெருவில். மனம் போவது சின்னமங்கலத்துச் சந்தைக்கும் மதுரை வீதிகளுக்கும். இரண்டு ஊரும் ஒரே பத்தியில் கலந்து வரும், ஆனாலும் ஒரு இடத்தில்கூட வழி தவறாது. தொங்கான் என்னும் சரக்குப் பாய்மரக் கப்பலில் ஏறி மலாக்கா நீரிணையைக் கடக்கும்போது புயல் பிடிக்கும் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியங்கள் உடைந்து, சிறுத்து, அலையோடு சேர்ந்து தூக்கிப் போடும். தமிழில் கடலை இப்படி எழுதிய வேறு பக்கங்களை நான் படித்ததில்லை. குடித்துவிட்டுத் தமிழர் பெருமையையும் பழம் இலக்கியத்தையும் அலசித் தீர்க்கும் இடங்கள் நீளம் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த நீளம் வேண்டும். ஊரைவிட்டு வந்த ஆண்கள் ராத்திரி முழுக்க எதைப் பேசித் தீர்த்தார்கள் என்பது வேறு எங்கே பதிவாகியிருக்கிறது? குறை என்று சொன்னால் பெண்கள்தான். மரகதத்துக்கு அவர் கொடுத்த மனம் இந்த நாவலின் பெண்கள் யாருக்கும் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. கடைக்காரர்களும் வீரர்களும் சிங்காரத்திடம் உயிரோடு இருக்கிறார்கள். ரப்பர் தோட்டத்து ஜனம் ஓரமாகத்தான் நிற்கிறது. அதனால் கையோடு ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' எடுத்தேன். சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1942, 43இல் ஜப்பானியர்கள் அதைப் போட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நடையில் இது சிங்காரத்துக்குப் பக்கத்தில் வராது. ஆனாலும் நான் அழுதது இந்தப் புத்தகத்துக்குத்தான். எங்கள் அப்பா வழியில், கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து போன பெரிய தாத்தா ஒருவர் திரும்பவில்லை. என்றைக்கு இறந்தார் என்று தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் அவருக்குப் படையல். அப்பாவுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது 'சயாமுக்குப் போனவர்' என்பது மட்டும். அவர் எதற்குள் போனார் என்பதை எனக்குக் காட்டியது ஒரு நாவல். அதற்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் படித்தது டான் துவான் எங்கின் 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' (2023). 1921இல் பினாங்குக்கு வரும் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், அதற்கு முன் இங்கே தங்கிச் சீனப் புரட்சிக்கு ஆள் சேர்த்த சுன் யாட்சென், 1911இல் கோலாலம்பூரை அதிரவைத்த எதெல் பிரவுட்லாக் கொலை வழக்கு எல்லாம் பின்னி வருகின்றன. அழகான வேலைப்பாடு, மறுக்கமாட்டேன். சுன் யாட்சென்னின் ஆட்கள் கூடிய அர்மேனியன் ஸ்திரீட் வீட்டிலிருந்து கிட்டங்கிகள் இருந்த தெருவுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் இந்த நாவலின் மனிதர்களும் சிங்காரத்தின் மனிதர்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டக்கூட மாட்டார்கள். எனக்கு இரண்டு பினாங்கும் வேண்டும், ஆனால் மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பது சிங்காரத்தின் பினாங்கைத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'கடலுக்கு அப்பால்' முதலில் படியுங்கள். கடையின் வாடையும் பேச்சும் பழகிவிட்டால் மற்றது தானாக இழுத்துக்கொள்ளும். இப்போது ம. நவீனின் 'சிகண்டி' படித்துக்கொண்டிருக்கிறேன். கோலாலம்பூரின் சௌக்கிட் தெருக்களும் திருநங்கைகளின் வாழ்க்கையும் வருகிற நாவல். பாதிதான் தாண்டியிருக்கிறேன், முடித்துவிட்டு அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.