புயல் காற்றும் நம் வீடும்: கேள்வி பதில்

*கட்டடப் பொறியாளர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் கூரைகளைச் சீரமைத்திருக்கிறேன்.*

வேதாரண்யம்: ஐயா, 60 கி.மீ. காற்றில் எங்கள் ஓட்டு வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 120 என்றால் இரண்டு மடங்குதானே?

இல்லை, நான்கு மடங்கு. வேகம் இரட்டித்தால் விசை அதன் வர்க்கமாக ஏறும். காற்று கூரையை அழுத்தி உடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மேலே தூக்கித்தான் பிரிக்கிறது. முதலில் கிளம்புவது தாழ்வார ஓரமும் மூலைகளும் முகடும். எனவே கையில் இருக்கும் பணத்தை அங்கே செலவிடுங்கள். ஓர வரிசை ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் சிமெண்ட் கலவையில் பதியுங்கள். கைமரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணையுங்கள். ஓடு கனமானதுதான், ஆனால் கட்டு இல்லாவிட்டால் அந்தக் கனம் போதாது. தகர ஷீட் என்றால் ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி போல்ட், அதாவது ஜே போல்ட், துருப்பிடித்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

பேராவூரணி: தென்னை ஒன்று வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. வெட்டிவிடவா?

முற்றிய காய்களையும் அடி மட்டைகளையும் இறக்குங்கள். உச்சியில் பாரம் குறைந்தால் காற்றின் பிடியும் குறையும். மரம் விழக்கூடிய அறையில் அன்றிரவு யாரும் படுக்க வேண்டாம். எச்சரிக்கை வந்தபின் மரம் ஏறச் சொல்லாதீர்கள்.

காரைக்கால்: படகை எங்கே கட்டுவது?

கடல் என் துறை அல்ல. மீன்வளத் துறையைக் கேளுங்கள்.

கடலூர்: காற்று நின்றதும் மாடித் தொட்டியைப் பார்க்கப் போகலாமா?

போகாதீர்கள். அது புயலின் கண்ணாக, அதாவது நடுவிலுள்ள அமைதியான பகுதியாக இருக்கலாம். கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் வரும். தொட்டியை முன்னதாகவே நிரப்பி வையுங்கள், காலியாக இருந்தால்தான் பறக்கும்.

தஞ்சாவூர்: ஜன்னல்களைத் திறந்து வைத்தால் காற்று உள்ளே புகுந்து வெளியேறிவிடும், கூரை தப்பும். 1977 புயலில் என் தாத்தா அப்படித்தான் வீட்டைக் காப்பாற்றினார்.

வேண்டாம் ஐயா. காற்று வரும் பக்கம் ஒரு ஜன்னல் திறந்தாலே உள்ளே புகுந்தது கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல், இரண்டும் சேர்ந்தால் கூரை நிற்காது. எல்லாவற்றையும் சாத்தித் தாழிடுங்கள்.

திருவாரூர்: காற்று வராத பக்கம் மட்டும் திறந்தால்? அவர் தாத்தா அதைத்தான் செய்திருப்பார்.

அந்த நேரத்துக்கு மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மறைவுப் பக்கத் திறப்பு உள்ளழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் கிழக்கிலிருந்து வரும் புயல் உங்கள் ஊரின் மேலேயே கடந்தால் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும், கண் போனபின் தெற்கிலிருந்து அடிக்கும். நள்ளிரவில், இருட்டில், எந்தப் பக்கம் எப்போது மறைவு என்று பார்த்து மூடப்போவது யார்? பறந்து வரும் தகரம் திறந்த ஜன்னல் வழியே நேராக உள்ளே வரும்.

தஞ்சாவூர்: அனுபவத்தைவிட கணக்கு பெரிதா?

உங்கள் தாத்தாவின் அனுபவத்தை மதிக்கிறேன். அன்று அந்த வீடு தப்பியதற்குச் சுவரும் மரங்களும் திசையும் எனப் பல காரணங்கள் இருக்கலாம். திறந்த ஜன்னல்தான் காப்பாற்றியது என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. குழந்தைகள் படுத்திருக்கும் வீட்டில் இதைச் சோதிக்காதீர்கள்.

சீர்காழி: காற்று ஓய்ந்ததும் வெளியே...

கடலூர்க்காரருக்குச் சொன்னதே. அதிகாரிகளின் அறிவிப்பு வரும்வரை வெளியே வேண்டாம்.

சென்னை: வார்தா புயலில் மரங்கள் விழுந்தனவே, காரை எங்கே விடுவது?

மரத்தடியில் வேண்டாம்.

பட்டுக்கோட்டை: புயல் நின்றபின் மொட்டை மாடிக்கு...

மூன்றாவது முறை. மேலே படியுங்கள், தயவுசெய்து.

நாகப்பட்டினம்: மின்சாரம் போனால் ஜெனரேட்டரை வீட்டு இணைப்பில் கொடுக்கலாமா?

இதைக் கேட்டதற்கு நன்றி. வெளி இணைப்பைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் முறையான சுவிட்ச் இல்லாமல் கொடுத்தால் உங்கள் மின்சாரம் வெளிக் கம்பிக்குத் திரும்பிப் போகும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் அதில் இறக்கக்கூடும். ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி வைத்து, தேவையான கருவியை நேரடியாக அதிலேயே இணையுங்கள். மூடிய அறையில் ஓட்டினால் புகை உயிரைக் குடிக்கும். அறுந்த கம்பியைக் கண்டால் நெருங்காமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள்.