ஸ்மியரிங் எத்தனை தடவை போடலாம்? லாட்டிஸ் கேள்வி-பதில்

வலுமிகு அணுக்கரு விசையை லாட்டிஸில், அதாவது வெளி-காலத்தைப் புள்ளிகளின் கட்டமாக்கி, கணக்கிடுபவர்களிடமிருந்து கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் ஸ்மியரிங் (புலத்தின் குறுந்தூர ஏற்ற இறக்கங்களைத் தேய்ப்பது) பற்றியவை, அதனால் இந்த முறை அது மட்டும்.

மான்டே கார்லோவில் கஷ்டப்பட்டு உருவாக்கின கேஜ் புலத்தை (குளுவான் புலத்தை) நாமே தேய்த்து வழவழப்பாக்குவது தரவைத் திருத்துவது ஆகாதா?

எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம்தான். நடப்பது இதுதான்: பக்கத்துப் புள்ளிகள் இரண்டை இணைக்கும் ஒவ்வொரு லிங்கிலும் ஒரு எஸ்யூ(3) அணி (அணிக்கோவை 1 உள்ள 3×3 யூனிட்டரி அணி) இருக்கிறது, அந்த லிங்கின் இரு முனைகளையும் சுற்றுவழியில் இணைக்கும் ஸ்டேப்பிள்கள் நான்கு பரிமாணத்தில் 6, அவற்றைக் கொஞ்சம் கலந்து மறுபடி எஸ்யூ(3)-க்குள் கொண்டுவருகிறோம். புதிய லிங்க் பழைய லிங்குகளின் சார்பு, கேஜ் மாற்றத்தில் (ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனி எஸ்யூ(3) சுழற்சி) பழையது போலவே மாறும். அளவீட்டில் போட்டால் கான்ஃபிகரேஷன்களின் (உருவாக்கிய புல மாதிரிகளின்) எடை மாறுவதில்லை, நீங்கள் வேறொரு ஆபரேட்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். குவார்க் ஆக்‌ஷனுக்குள்ளேயே போட்டால் ஆக்‌ஷனின் வேறொரு வடிவம் (புலம் எப்படி நடக்கும் என்பதைத் தீர்மானிக்கும் சூத்திரம்தான் ஆக்‌ஷன்). லாட்டிஸ் முறையைத் தந்த வில்சன் 1974-ல் எழுதியது ஒன்றுதான் சரியான வடிவம் என்று யாரும் சொல்லவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஸ்மியரிங் எட்டும் தூரம் எந்த அலகில் நிலையாக நிற்கிறது? ஸ்மியரிங் படிகளை (எத்தனை தடவை என்பதை) மாற்றாமல் கட்ட இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் அந்தத் தூரம் ஃபெர்மியில் (10⁻¹⁵ மீட்டர்) சுருங்கிப் பூஜ்யமாகும், தொடர்வெளி எல்லையில் அதே பௌதிகம் கிடைக்கும். லாட்டிஸ் நுண்ணியதாக ஆக ஆகப் படிகளையும் கூட்டி, ஃபெர்மியில் தூரத்தை நிறுத்திவைத்தால் நீங்கள் அளப்பதே வேறு பொருள். அது தெரிந்து செய்தால் சரி, தெரியாமல் செய்தால்தான் வம்பு.

ஸ்டவுட்டில் (ஒரு வகை ஸ்மியரிங்) ரோவை (ஸ்டேப்பிள்களைக் கலக்கும் அளவை) 0.1 வைத்து 30 படி போட்டேன், இரைச்சல் அருமையாகக் குறைந்துவிட்டது. நண்பர் திட்டுகிறார்.

நண்பர் பக்கம்தான் நான். 8, படிகளின் எண்ணிக்கை, ரோ மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், கட்ட இடைவெளி அலகில் ஸ்மியரிங் ஆரம் கிடைக்கும். உங்களுக்கு 4.9 வருகிறது. இடைவெளி 0.1 ஃபெர்மி என்றால் அரை ஃபெர்மி, புரோட்டானின் மின்னூட்ட ஆரமே 0.84 ஃபெர்மிதான்! 2008-ல் புடாபெஸ்ட்-மார்செய்-வுப்பர்டால் குழு ஹாட்ரான் (குவார்க்குகளால் ஆன துகள்) நிறைகளைக் கணக்கிட்டபோது குவார்க் ஆக்‌ஷனில் 6 படி ஸ்டவுட் போட்டார்கள். உங்கள் ரோவுக்கு 6 படி என்றால் ஆரம் 2.2.

ரோவைக் கூட்டிப் படிகளைக் குறைக்கலாமே என்றால் 0.125-க்கு மேல் போகாதீர்கள். ஒரு படி உச்ச உந்த அலையை (1 − 16 ரோ) மடங்காக்குகிறது. 0.125-ல் அது −1, தாண்டினால் தேய வேண்டிய இரைச்சல் படிக்குப் படி வளரும்.

ஏப், ஹைப், ஸ்டவுட் என்ற ஸ்மியரிங் வகைகளில் எது நல்லது சார்?

அளவீட்டுக்கு மட்டும் என்றால் கையில் உள்ளதைப் போடுங்கள். எச்எம்சி-க்குள் (புலத்தை உருவாக்கும் ஹைப்ரிட் மான்டே கார்லோவுக்குள்) வேண்டும் என்றால் விசை கணக்கிட வேண்டும், அதற்கு வகைக்கெழு வேண்டும். 1987-ல் வந்த ஏப் முறையில் மிக நெருங்கிய எஸ்யூ(3) அணியைத் திரும்பத் திரும்பத் தேடிப் பிடிப்பதுதான் வழக்கம், அதன் வகைக்கெழுவை எடுப்பது தலைவலி. மார்னிங்ஸ்டாரும் பியர்டனும் 2004-ல் கொடுத்த ஸ்டவுட் ஒரு அடுக்குக்குறி அணியால் பெருக்குவதோடு முடிகிறது, எஸ்யூ(3)-யை விட்டு வெளியே போவதே இல்லை. ஹைப், 2001, தன் லிங்கைத் தொடும் ஹைப்பர்கனசதுரங்களுக்குள்ளேயே நின்றுகொள்வதால் குறுந்தூரத்தை அதிகம் கலைக்காது.

ஹைப் போட்டபின் நிலைக் (அசையாத) குவார்க் இரண்டுக்கிடையிலான நிலையாற்றல் சின்ன தூரத்தில் தட்டையாகத் தெரிகிறது.

தெரியத்தான் செய்யும். ஒன்றிரண்டு கட்ட இடைவெளிக்குள் வரும் புள்ளிகளைப் பொருத்தலில் சேர்க்காதீர்கள். கால லிங்கை ஸ்மியர் செய்வதால் நிலைக் குவார்க்கின் தன்னாற்றல் குறைந்து தூரத்துச் சிக்னல் நிற்கிறது, அதற்குக் கொடுக்கும் விலை இது. க்ளூபால் (குளுவான்களால் மட்டும் ஆன துகள்) அளப்பவர்கள் இட லிங்குகளை மட்டும் தொடுங்கள், கால லிங்கைத் தொட்டால் டிரான்ஸ்ஃபர் அணி (ஒரு காலப் படியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோவது) விளக்கம் குறுகிய காலங்களில் உடையும்.

ஸ்மியர் செய்த பிளாக்கெட் (நான்கு லிங்குகளாலான சிறு சதுரத்தைச் சுற்றிப் பெருக்கிய மதிப்பு), இணையாக ஓடும் பிராசஸ்களின் எண்ணிக்கையை மாற்றினால் மூன்றாம் தசமத்தில் மாறுகிறது. கேஜ் சோதனை (கேஜ் மாற்றம் செய்தாலும் விடை மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது) பாஸ் ஆகிறது!

இந்தக் கேள்விக்காகவே எழுத உட்கார்ந்தேன். பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, புதிய லிங்கைப் பழையதன் இடத்திலேயே எழுதிவிடுகிறீர்கள், அடுத்த லிங்கின் ஸ்டேப்பிளில் புதியதும் பழையதும் கலந்துவிடுகிறது. இல்லையென்றால் ஒவ்வொரு படிக்குப் பின்னும் எல்லை லிங்குகளைப் பக்கத்துப் பிராசஸுக்கு அனுப்ப மறந்திருக்கிறீர்கள்.

இரண்டிலும் பழைய லிங்க், புதிய லிங்க் எல்லாமே கேஜ் மாற்றத்தில் ஒழுங்காகத்தான் மாறும், அதனால் அந்தச் சோதனை வாயே திறக்காது. டேகர் (அணியின் கான்ஜுகேட் டிரான்ஸ்போஸ்) விட்டுப்போனது, பெருக்கல் வரிசை தவறியது மாதிரியான பிழைகளுக்குத்தான் அது. கான்ஃபிகரேஷனை ஒரு தளம் நகர்த்தி, அச்சுகளையும் இடம் மாற்றி, மறுபடி ஸ்மியர் செய்து பிளாக்கெட்டை ஒப்பிடுங்கள், டபுள் பிரெசிஷனில் 12 இலக்கமாவது ஒத்துப்போக வேண்டும். பீட்டா (கப்ளிங்கைக் குறிக்கும் எண்) 6.0 வில்சன் ஆக்‌ஷன் என்றால் ஸ்மியருக்கு முன் சராசரி 0.594 வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், அங்கேயே தவறு என்றால் ஸ்மியரிங்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

குவார்க் சோர்ஸ் ஸ்மியரிங்கும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது குவார்க்கின் அலைவடிவத்தை அகலமாக்குவது. அதற்குள் போகும் இட லிங்குகளையும் ஸ்மியர் செய்தால் இரைச்சல் குறையும், அதனால்தான் இரண்டும் சேர்ந்தே பேசப்படுகின்றன.

கிரேடியன்ட் ஃப்ளோ (தொடர்ச்சியாக ஓடும் ஸ்மியரிங்) வந்தபின் இதெல்லாம் தேவையா?

ஸ்டவுட்டே ஃப்ளோவின் முரட்டு ஆய்லர் படிதான், ஃப்ளோ நேரம் என்பது படிகள் பெருக்கல் ரோ. இயற்பியலாளர் லூஷர் 2010-ல் செய்தது, ஆரத்தைப் பௌதிக அலகில் வேண்டுமென்றே நிறுத்தி, அங்கே அளப்பதற்குத் தொடர்வெளியில் நேரடி அர்த்தம் உண்டு என்று காட்டியது. ஃப்ளோ நேரத்தின் வர்க்கத்தை ஆற்றல் அடர்த்தியால் பெருக்கி 0.3 வரும் இடத்தைக் குறித்தால் கட்ட இடைவெளியின் அளவுகோல் கிடைக்கும், டோப்பாலஜிகல் சார்ஜும் (புலம் எத்தனை முறை முறுக்கியிருக்கிறது என்ற எண்) முழு எண்களை ஒட்டி நிற்கும். குவார்க் ஆக்‌ஷனுக்குள் போடுவதற்கு இன்னமும் ஸ்டவுட்டின் நாலைந்து படிகளே போதும், அங்கே ஃப்ளோவைக் கொண்டுபோய் அரை ஃபெர்மிக்கு ஓட்டாதீர்கள்.