ஹிட் பாயின்ட் பூஜ்யமானால் கதாபாத்திரம் செத்துவிட்டதா?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் எங்களுக்கு இதுவே முதல்முறை. 2014 ஸ்டார்ட்டர் செட்டில் உள்ள கதையை நான் டிஎம்மாக (டன்ஜன் மாஸ்டர்) இருந்து நடத்துகிறேன். இலவச அடிப்படை விதிகளைப் பார்த்து ஒரு நண்பர் ஒரு விஸார்டை (மந்திரவாதி) உருவாக்கினார். அவருடைய ஊர், குரு, பழைய பகை என்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். முதல் சண்டையில் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் பதுங்கியிருந்து தாக்கின. அவரிடம் இருந்தது 7 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). முதல் அம்பில் 5 போனது, அடுத்து வாள்வெட்டு 8. அவருடைய முறை ஒருதடவைகூட வராமலே இறந்துவிட்டார். மற்ற மூவரும் கோப்ளின்களை விரட்டி, உடலை வண்டியில் ஏற்றியதோடு அன்றைய ஆட்டத்தை முடித்தோம். அவர் இனி வரமாட்டார் போலிருக்கிறது. நான் பகடையை மாற்றிச் சொல்லிக் காப்பாற்றியிருக்க வேண்டுமா?

பதில்: உங்கள் நண்பருக்கு இன்றே போன் செய்யுங்கள். அவருடைய விஸார்ட் சாகவில்லை. நீங்கள் வைத்திருக்கும் விதிப்புத்தகமே அப்படித்தான் சொல்கிறது.

பூஜ்யத்துக்கு வந்தால் மரணம் என்பது புதிதாக நடத்துபவர்கள் பலரும் செய்யும் தவறு. வீடியோ கேம் பழக்கம் ஒரு காரணம். நீங்கள் விளையாடும் ஐந்தாம் பதிப்பில் பூஜ்யம் என்றால் மயக்கம். அடித்த அடியில் பூஜ்யத்துக்குக் கீழே மிஞ்சுவது அவருடைய முழு ஹிட் பாயின்ட் அளவுக்கு இருந்தால்தான் உடனடி மரணம். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பாயின்ட் மீதி இருந்தபோது எட்டு அடி விழுந்தது, மிச்சம் ஆறு. அவருடைய முழு அளவு ஏழு. ஒரே ஒரு பாயின்ட் குறைவு. ஆக, அவர் மயங்கிக் கிடந்தார், அவ்வளவுதான்.

அப்படிக் கிடப்பவருக்கும் முறை வரும். ஒவ்வொரு முறையும் டி20 என்ற இருபது முகப் பகடையை உருட்டுவார். இதுதான் டெத் சேவ். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைத்துவிடும், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். 1 விழுந்தால் இரண்டு தோல்வியாக எண்ண வேண்டும். 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயின்ட்டோடு கண்விழித்து எழுந்துவிடுவார். யாருமே உதவாவிட்டாலும் பிழைக்க ஏறக்குறைய 60 சதவீத வாய்ப்பு உண்டு. பக்கத்தில் மூன்று நண்பர்கள் நிற்கும்போது இன்னும் அதிகம். மெடிசின் சோதனையில் (மருத்துவத் திறனுக்கான பகடை) யாராவது 10 எடுத்தால் போதும், ரத்தம் நின்றுவிடும். ஹீலர்ஸ் கிட் என்ற மருத்துவப் பை இருந்தால் அந்தச் சோதனைகூடத் தேவையில்லை. கிளெரிக்கின் (பூசாரி) ஹீலிங் வேர்ட் என்ற குணப்படுத்தும் மந்திரம் அறுபது அடி தூரத்திலிருந்தே எழுப்பிவிடும்.

இந்த டெத் சேவ் நேரத்தைத்தான் உங்கள் மேசை இழந்துவிட்டது. எனக்கு வருத்தம் அதில்தான். இந்த ஆட்டத்தில் அதற்கு ஈடான நிமிடங்கள் குறைவு. நான் நடத்திய ஒரு ஆட்டத்தில் ஒரு தோழியின் ரோக் (திருடி) இரண்டு தோல்வியோடு கிடந்தாள். அவளுக்கு அடுத்து முறை வரவேண்டிய பேலடின் வீரனுக்கும் அவளுக்கும் நடுவே ஓர் ஓகர் அரக்கன். தோழி பகடையை உருட்டினாள். அது மேசையில் ஓடி, டீ டம்ளரில் மோதி, ஒரு மூலையில் நின்று மெல்லச் சாய்ந்தது. இருபது. யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து நின்றிருந்தோம். அதை நான் தந்திருக்க முடியாது, பகடைதான் தந்தது.

அதனால்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். தங்கள் முன் வைத்த மறைப்புத் திரைக்குப் பின்னால் 18 விழுந்ததை 6 என்று சொல்லும் டிஎம்கள் நிறைய உண்டு. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால், பிறகு உண்மையாகவே விழும் இருபதுக்கும் மதிப்பு போய்விடும். நான் சண்டைப் பகடைகளை எல்லோரும் பார்க்க மேசை நடுவில் உருட்டுகிறேன். கருணை காட்ட வேண்டுமானால் பகடை உருள்வதற்கு முன்னால் காட்டலாம். கோப்ளின் யாரைக் குறிவைக்கிறது, எப்போது பயந்து ஓடுகிறது என்பதெல்லாம் முழுக்க உங்கள் கையில்தானே இருக்கிறது?

அந்தக் குறிப்பிட்ட சண்டையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் வீழ்ந்தது உங்கள் நண்பர் மட்டுமல்ல. செத்துக் கிடக்கும் இரண்டு குதிரைகள், புதரில் நான்கு கோப்ளின்கள் என்ற அந்த இடம் உலகம் முழுக்கப் புதியவர்களைச் சாய்த்திருக்கிறது. காரணம் எளிது. கோப்ளினின் தாக்குதலுக்கு +4, அதாவது டி20-இல் விழுவதோடு நான்கு கூடும். உங்கள் நண்பரின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவரை அடிக்க எட்ட வேண்டிய எண், 12 என்று வையுங்கள். எட்டு விழுந்தாலே அடி பட்டுவிடும், அதாவது 65 சதவீதம். அடி ஒரு டி6 (ஆறு முகப் பகடை) கூட்டல் இரண்டு. அந்தப் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் 7 ஹிட் பாயின்ட் உள்ளவர் ஒரே அடியில் சாய்வார். கேடயத்தோடு செயின் மெயில் கவசம் போட்ட ஃபைட்டருக்கு (போர்வீரர்) ஆர்மர் கிளாஸ் 18. அவரை அதே கோப்ளின் தொட 14 விழ வேண்டும். முதல் லெவலில் விஸார்டும் ஃபைட்டரும் இவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள். மேஜ் ஆர்மர் மந்திரத்தைக் காலையிலேயே போட்டுக்கொண்டால் அவருடைய 12, 15 ஆகும். எட்டு மணி நேரம் நிற்கும். அடுத்த தடவை அவருக்கு இதை நினைவூட்டுங்கள்.

அவருக்கு முறையே வராமல் போனதற்கு சர்ப்ரைஸ் விதி காரணம். 2014 விதிகளில் திடீரென்று தாக்கப்பட்டவர் முதல் சுற்றில் அசையவே முடியாது. அடுத்த சுற்றிலும் கோப்ளின்கள் முந்திக்கொண்டால் எட்டுத் தாக்குதல் வந்த பிறகுதான் அவருக்கு வாய்ப்பு. இதில் ஒன்றைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. சர்ப்ரைஸைக் குழுவுக்கு மொத்தமாகப் பார்க்கக் கூடாது, ஆளாளுக்குப் பார்க்க வேண்டும். கோப்ளின்களின் ஸ்டெல்த்தை (பதுங்கும் திறன்) ஒவ்வொருவரின் பாசிவ் பெர்செப்ஷனோடும் (இயல்பான கவனிக்கும் திறன்) தனித்தனியாக ஒப்பிட்டால் யாராவது ஒருவர் புதர் அசைவதைப் பார்த்திருக்கலாம். 2024 புத்தகத்தில் இந்த விதியையே மாற்றிவிட்டார்கள். இப்போது சர்ப்ரைஸ் ஆனவர், முறை வரிசையை முடிவுசெய்யும் இனிஷியேடிவ் பகடையை இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுக்கிறார். முறை போவதில்லை. இந்த ஒன்றை மட்டும் கடன் வாங்கி உங்கள் 2014 ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீலிங் போஷனைக் குடிக்க முழு ஆக்‌ஷன் வேண்டாம், போனஸ் ஆக்‌ஷன் (முறையில் செய்யும் சிறு கூடுதல் செயல்) போதும் என்ற 2024 மாற்றத்தையும் சேர்க்கலாம்.

விழுந்தவரைத் தொடர்ந்து அடிப்பதில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். மயங்கிக் கிடப்பவரை ஐந்தடிக்குள் நின்று அடித்தால் அது தானாகவே கிரிட்டிகல் (பலத்த அடி), இரண்டு டெத் சேவ் தோல்வி. அதோடு ஒரு கெட்ட பகடை சேர்ந்தால் கதை முடிந்தது. அந்தக் கோப்ளின்கள் ஏன் அப்படிச் செய்யப்போகின்றன? அவை வழிப்பறிக்காரர்கள். வாளோடு எதிரே நிற்பவரைத்தான் பார்க்கும், இல்லையென்றால் வண்டியில் இருக்கும் பொருளைப் பார்க்கும். ஒருவேளை எல்லோரும் தோற்றாலும் கோப்ளின்கள் அவர்களை மயக்கத்திலேயே விட்டுக் கொள்ளையடித்துப் போகும் என்று அந்தக் கதைப் புத்தகமே எழுதியிருக்கிறது. நேருக்கு நேர் வாளால் பூஜ்யத்துக்குக் கொண்டுவருபவர் கொல்லாமல் மயக்கமடையச் செய்யலாம் என்றும் விதி உண்டு. இதையெல்லாம் செய்தால் ஏமாற்றுகிறோமோ என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பூஜ்யம் என்றால் மரணம்தான் என்று விளையாடுபவர்களும் இருக்கிறார்கள். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் வடிவத்தில் அப்படித்தான் இருந்தது, அந்த ஆபத்தை விரும்பியே பழைய விதிகளைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அது ஒரு நல்ல ஆட்டம்தான். ஆனால் அங்கே யாரும் நான்கு பக்கக் கதை எழுதிக்கொண்டு வரமாட்டார்கள். உங்கள் நண்பர் எழுதிக்கொண்டு வந்தார் என்றால் அவர் எந்த ஆட்டத்தை எதிர்பார்த்து வந்தார் என்பது புரிகிறது இல்லையா? அடுத்த முறை பகடையைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். இந்தக் கதையில் சாவு வரலாமா, வந்தால் எப்படி, புதுக் கதாபாத்திரம் எப்போது உள்ளே வரும் என்று நால்வரிடமும் கேளுங்கள்.

அவரிடம் போனில் நீட்டி முழக்க வேண்டாம். "விதியை நான் தப்பாகப் படித்துவிட்டேன், நீ சாகலை" என்று சொன்னால் போதும். இப்போது அவரை டெத் சேவ் உருட்டச் சொல்லாதீர்கள். தவறு உங்களுடையது, அதற்கு அவர் மறுபடி பகடையை நம்பி நிற்க வேண்டியதில்லை. நண்பர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர் நிலைத்தவர் ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் ஒரு ஹிட் பாயின்ட்டோடு தானாகவே எழுவார் என்பதும் விதிதான். நீங்களே உடலை வண்டியில்தான் ஏற்றியிருக்கிறீர்கள். அந்த வண்டியில் பன்னிரண்டு மாவு மூட்டை, உப்புக்கண்டப் பீப்பாய்கள், மண்வெட்டிகள், விளக்குகளுக்கான எண்ணெய் உள்ள ஒரு சிறு பீப்பாய் எல்லாம் இருக்கின்றன. அடுத்த ஆட்டத்தை மற்ற மூவரிடமிருந்து தொடங்காதீர்கள். அவரைப் பார்த்துத் தொடங்குங்கள்: "வண்டி குலுங்குகிறது. உன் முகமெல்லாம் மாவு. வெளியே உன் நண்பர்கள் உன்னை எங்கே புதைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்யப்போகிறாய்?"