யார் முன்னால், யார் பின்னால்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கன்னியாகுமரியிலிருந்து லே வரை நண்பருடன் சைக்கிளில் சென்றதைப் பற்றிய உங்கள் கட்டுரைகளில், மணாலி–லே மலைச்சாலையில் சர்ச்சு என்ற இடத்திலிருந்து பாங் என்ற இடம் வரையிலான ஒரு நாளைப் பற்றியதை வாசித்தேன். ஏற்றங்களில் நீங்கள் இருவரும் தனித்தனியாகவே சென்றிருக்கிறீர்கள் என்பது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. அடுத்த ஆண்டு நானும் என் கல்லூரி நண்பனும் மணாலியிலிருந்து லேவுக்குச் செல்லவிருக்கிறோம். அவன் என்னைவிட வேகமாக மிதிப்பவன். தனித்தனியாகத்தான் ஏற வேண்டுமென்றால் துணை எதற்கு?

க., ஈரோடு

அன்புள்ள க.,

அருகருகே பேசிக்கொண்டே மிதிப்பதெல்லாம் சமதளத்தில், காற்று எழாத காலை நேரத்தில் மட்டுமே நடக்கும். சர்ச்சுவிலிருந்து பாங் சுமார் 80 கிலோமீட்டர். அதில் சரப் ஆற்றை ஒட்டிய முதல் பகுதி ஏறக்குறைய சமதளம் என்பதால், அங்கே நாங்களும் பேசிக்கொண்டுதான் சென்றோம். எதிர்காற்று கிளம்பியதும் பேச்சு நின்றது. நண்பர் முன்னால் சென்று காற்றைத் தாங்கிக்கொள்ள, நான் அவருடைய பின்சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒட்டியே சென்றேன். சமதளத்தில் இப்படிப் பின்னால் செல்பவருக்கு உழைப்பு கணிசமாகக் குறைகிறது. ஆகவே அங்கே வலுவானவர்தான் முன்னால் இருக்க வேண்டும்.

ஏற்றத்தில் இந்தக் கணக்கு மாறிவிடும். நடப்பதைவிடச் சற்றே வேகமாக ஊர்ந்து செல்லும்போது, முன்னால் ஒருவர் காற்றைத் தடுப்பதால் பெரிய பயன் ஏதும் இல்லை. தவிர, நாள் முழுக்க மூச்சு முட்டாமல் மிதிக்கக்கூடிய வேகம் என்று ஒன்று ஒவ்வொரு உடலுக்கும் உண்டு. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்பதால், நண்பரை எட்டிப் பிடிப்பதற்காக அந்த வேகத்தைச் சில நிமிடங்கள் மீறினாலும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து நெடுநேரம் மூச்சு வாங்க வேண்டியிருக்கும். வேகமானவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வரலாமே என்றால், அதுவும் எளிதல்ல; மெதுவாகச் செல்லும் சைக்கிள் தள்ளாடும், கவனமெல்லாம் விழாமல் இருப்பதிலேயே போய்விடும்.

எனவே நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இதுதான்: மெதுவானவர் முதலில் கிளம்புவது, வேகமானவர் இன்னொரு தேநீர் குடித்துவிட்டுப் பின்னால் வருவது. காட்டா லூப்ஸ் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகள் நானூறு மீட்டருக்கு மேல் உயரம் ஏறுகின்றன. அங்கே மேலிருந்து பார்த்தால் கீழே வளைந்து கிடக்கும் சாலை முழுவதும் தெரியும் என்பதால், நான் நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் அவருடைய மஞ்சள் மேற்சட்டை எந்த வளைவுக்கு வந்திருக்கிறது என்று பார்க்க முடிந்தது. ஒரு கட்டத்தில் அவர் எனக்கு நேர் கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வந்துவிட்டார். ஆனால் சாலைவழியே இன்னும் ஒரு வளைவைச் சுற்றி வர வேண்டியிருந்தது. நீங்கள் வருத்தப்பட்ட தனிமை இந்த அளவுக்கானதுதான்.

அந்த வளைவுகளுக்கு இடையே ஒரு சிறு நடுகல் போன்ற வழிபாட்டிடம் இருக்கிறது. அதைச் சுற்றித் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றன. குளிர்காலத் தொடக்கத்தில் லாரி பழுதாகி நின்றுவிட, கிளீனரை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டுநர் உதவி தேடிப் போனதாகவும், பனி சாலையை மூடிவிட்டதால் அவர் திரும்பி வருவதற்குள் கிளீனர் குளிரிலும் தாகத்திலும் இறந்துவிட்டதாகவும் சொல்கிறார்கள். கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் முன்னால் போனவர் திரும்பி வர முடியாமல் போவதுதான் அந்தச் சாலையில் இருப்பதிலேயே பெரிய ஆபத்து என்பது அதைக் கேட்டதும் விளங்கிவிடுகிறது. வேகமானவர் பின்னால் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

துணை எதற்கு என்ற கேள்விக்கு விடை நக்கீ லா கணவாயைத் தாண்டி இறங்கியதும், விஸ்கி நாலா என்ற இடத்தில் ஒரு கூடாரக் கடையில் கிடைத்தது. மேகியை ஆர்டர் செய்துவிட்டு, ஹெல்மெட்டின் பட்டையைக் கழற்ற முடியாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த நண்பர், என்னை எழுந்து நிற்கச் சொல்லி, குதிகாலும் விரலும் ஒட்டும்படி நேர்கோட்டில் அடி வைத்து நடக்கச் சொன்னார். உயரத்தால் மூளை பாதிக்கப்படும்போது முதலில் தவறுவது நடையின் சமநிலை என்பதால், மலையேறுபவர்கள் செய்துபார்க்கும் எளிய சோதனை அது. கடைக்காரர் என்னைக் குடிகாரன் என்றுதான் நினைத்திருப்பார். இடத்தின் பெயரும் அதற்கு ஒத்துழைத்தது. நான் ஒழுங்காகவே நடந்தேன், குளிரில் விரல்கள் மரத்திருந்தன, அவ்வளவுதான். ஆனால் உண்மையிலேயே பாதிப்பு இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. குழம்பிய மூளை தன் குழப்பத்தைத் தானே கண்டுபிடிப்பதில்லை. உங்கள் நண்பன் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, நடை தள்ளாடினாலோ, அடுத்த கணவாயைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள்.

அதற்குப் பிறகு லாச்சுலுங் லா கணவாய்க்கு ஏற்றம். அன்றைய நாளின் உயரமான இடம் அதுதான், 5,000 மீட்டரைத் தாண்டிவிடும். அங்கிருந்து பாங் வரை இறக்கம். ஆனால் சாலை மோசமாக இருந்ததால் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கைதான் வலித்தது. இறக்கத்தில் இருவருக்கும் இடையே நல்ல இடைவெளி விடுங்கள்.

கிளம்பும் முன் இரண்டு காரியங்களைச் செய்துகொள்ளுங்கள். பம்ப்பும் கருவிகளும் எப்போதும் பின்னால் வருபவரிடமே இருக்கட்டும். முன்னால் சென்றவருக்குப் பஞ்சரானால் அவர் காத்திருந்தால் போதும், பின்னால் வருபவர் எப்படியும் வந்துசேர்வார், ஆனால் பின்னால் இருப்பவருக்குப் பஞ்சராகிக் கருவிகள் முன்னால் போய்விட்டிருந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். இரண்டாவது, இருவருடைய சைக்கிளிலும் டயர் அளவும் ட்யூப் வால்வும் ஒரே வகையாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வழியில் சைக்கிள் கடை இருக்கும் என்று நம்பிச் செல்லாதீர்கள்.