விண்வெளி உலோகத்தில் செய்த காற்றில்லாத சைக்கிள் டயர் வந்துவிட்டதாமே, இனி பஞ்சர் தொல்லை தீர்ந்ததா?

உங்கள் கேள்வியில் இரண்டு சரக்கு கலந்து கிடக்கிறது. நாசாவின் உலோகத்தில் செய்த காற்றில்லாத டயரைப் பற்றிக் கேட்டுவிட்டு, கடைசியில் "ஆன்லைனில் பஞ்சரே ஆகாத டயர் என்று விற்கிறார்களே, அதுதானே இது, மாட்டிவிடலாமா" என்று முடித்திருக்கிறீர்கள். ஆன்லைனில் அப்படி விற்பது பெரும்பாலும் உள்ளே காற்றே இல்லாத கெட்டி ரப்பர் டயர். அது வேறு, இது வேறு. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கோ டியூஷனுக்கோ போகிற சைக்கிளுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு விரும்பித்தான் இதில் உட்கார்ந்தேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "பஞ்சர் ஒட்டுகிறவன், பிழைப்பு போய்விடும் என்று பேசுகிறான்" என்று யாராவது நிச்சயம் எழுதுவார்கள். பஞ்சர் காசில் எந்தக் கடையும் ஓடுவதில்லை ஐயா. ஓவராயிலிங், சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, செயின், பிரேக் கட்டை, பேரிங் என்று இவற்றில்தான் வருமானம். பஞ்சர் என்பது கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, அவசரமாகப் போகிறவருக்குச் செய்து கொடுப்பது. நாளைக்கே அது ஒழிந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

கெட்டி ரப்பர் டயர் என்ன செய்யும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பா இருந்த காலத்தில் ஒரு பால்காரர் வருவார். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கேன், விடியற்காலையில் காட்டுப் பாதை, சீமைக்கருவேல முள். சலித்துப்போய் மதுரையிலிருந்து ஒரு ஜோடி கெட்டி டயர் வாங்கி வந்துவிட்டார். "அண்ணாச்சி, இனிமே உங்களுக்கு என்னால தொந்தரவு கிடையாது, இத மாட்டி விடுங்க" என்றார். அப்பா டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "வேணாம்யா. முள்ளு ஏறாது, சரி. பள்ளத்துல விழுற அடி எங்க போகும்?" என்று கேட்டார். அவர் பிடிவாதமாக நின்றார். நானும் அப்பாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ரிம்மில் ஏற்றி முடிப்பதற்குள் விரல் தோல் உரிந்துவிட்டது.

முள் ஏறவில்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் ஒடிய ஆரம்பித்தது. ஹப்பில் போய் வளைந்து மாட்டுகிற இடத்தில்தான் ஒடியும். ஒன்றை மாற்றினால் அடுத்தது போகும். கோட்டம் எடுத்துக் கொடுத்தால் இரண்டு நடை தாங்காது. ஏற்றத்தில் மிதிக்க முடியவில்லை, கை மரத்துப்போகிறது, கேன் குலுங்கிப் பால் தளும்புகிறது என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் பழைய மாதிரி டயரும் டியூபும் போட்டுக்கொண்டு போனார். அப்பா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "காத்த விட நல்ல ஸ்பிரிங் எதுய்யா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. கல்லில் ஏறும்போது டயர் அமுங்கி, கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உடனே நிமிர வேண்டும். அமுங்கும்போது வாங்கிய சக்தியை நிமிரும்போது திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். உள்ளே அடைத்த காற்று அதை அநேகமாக முழுசாகத் திருப்பித் தந்துவிடுகிறது. எடையும் இல்லை. கெட்டி ரப்பர் வாங்குகிற சக்தியில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடிக்கிறது. அதனால்தான் மிதி கனக்கிறது. அமுங்காத டயர் வாங்காத அடியை ரிம்மும் ஸ்போக்ஸும் வாங்குகின்றன.

1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டன்லப் என்கிற கால்நடை மருத்துவர் தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்தார். அதற்கு முன்பே 1845-ல் தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கி, அது எடுபடாமல் போயிருந்தது. 1889-ல் அதே பெல்ஃபாஸ்டில் வில்லி ஹியூம் காற்று டயர் மாட்டி ஓட்டிப் பந்தயங்களை ஜெயித்த பிறகு, கெட்டி டயர் மாட்டியவர்கள் எல்லாரும் மாறினார்கள். ஆக, கெட்டி டயர் புதிதாக வந்த தொழில்நுட்பமே இல்லை. காற்று டயரிடம் தோற்றுப்போன பழைய சரக்கு. இப்போது நுரை மாதிரியான பொருள்களில் கொஞ்சம் மேம்பட்ட வகைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பாரம் ஏற்றுகிற சைக்கிளுக்கு நான் அவற்றையும் மாட்டச் சொல்ல மாட்டேன்.

இனி நீங்கள் கேட்ட நாசா டயர். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. நிலாவிலும் செவ்வாயிலும் ரப்பர் டயர் உதவாது. அந்தக் குளிரில் ரப்பர் இறுகி நொறுங்கும், பஞ்சரானால் ஒட்ட ஆளும் இல்லை. 1971-ல் அப்பல்லோ 15 கொண்டுபோன நிலா வண்டிக்குத் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியில் பின்னிய சக்கரம். அந்த மாதிரி வண்டிகள் மூன்று அப்பல்லோ பயணங்களிலும் சேர்த்து ஓடியது சுமார் 90 கிலோமீட்டர்தான், அதுவும் எடை ஆறில் ஒரு பங்காகிவிடுகிற இடத்தில். செவ்வாய்க்கு அது போதாது. 2012-ல் அங்கே இறங்கிய கியூரியாசிட்டி வண்டியின் அலுமினியச் சக்கரங்களில் அடுத்த வருஷமே கூர்மையான கற்கள் ஓட்டை போட்டுவிட்டன.

ஓஹையோவில் இருக்கிற நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில் காலின் கிரீகர் என்ற பொறியாளர் எஃகுச் சுருள்களைப் பின்னி டயர் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பாறையில் ஏறினால் கம்பி வளைந்து அப்படியே நின்றுவிடும். உலோகங்களை ஆராய்கிற சாண்டோ படூலா அதைப் பார்த்துவிட்டு, நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த நிடினால் கம்பியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். 1959-ல் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த கலவை அது. இதயக் குழாயில் வைக்கிற ஸ்டென்டிலும், பல் சீராக்கக் கட்டுகிற கம்பியிலும் அதுதான் இருக்கிறது. சாதாரண எஃகு அரை சதவீதம் அளவு நீண்டாலே கோணிப்போகும். நிடினால் 8 சதவீதம் வரை நீண்டும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும், ஏனென்றால் அழுத்தம் வரும்போது உள்ளே அணுக்களின் அடுக்கே மாறி, அழுத்தம் போனதும் திரும்பி அமைகிறது. ஒரு டயர் செய்ய வேண்டிய வேலை அதுதானே. இதைப் படித்த அன்றைக்கு அப்பா இல்லையே என்று இருந்தது.

அந்தத் தொழில்நுட்பத்தை வைத்து 2020-ல் ஸ்மார்ட் டயர் என்று ஒரு கம்பெனி தொடங்கி, மெட்டல் என்ற பெயரில் சைக்கிள் டயர் செய்தார்கள். 2023-ல் பொதுமக்களிடம் இணையம் வழியாக முன்பணம் திரட்டினார்கள். உள்ளே நிடினால் சுருள், வெளியே ரோட்டைப் பிடிக்க ரப்பர் மாதிரி ஒரு மேல்பட்டை. பட்டை தேய்ந்தால் புதிது ஏற்றலாம் என்கிறார்கள். உலோகமும் வளைந்து நிமிரும்போது கொஞ்சம் சக்தியை விழுங்கத்தான் செய்யும். அதை எவ்வளவு குறைக்கிறார்கள் என்பதில்தான் அவர்களுடைய வெற்றி இருக்கிறது. இப்போதைக்கு ஒரு ஜோடியின் விலையில் என் கடையில் ஒன்றுக்கு மேல் புது சைக்கிளே எடுக்கலாம். சுருள் ஒன்று ஒடிந்தால் நம் பக்கம் அதைச் சரிசெய்ய ஆளும் கிடையாது, உதிரியும் கிடையாது.

பஞ்சர் பற்றிப் பேசினால் எனக்கு வருகிற கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டது, நல்ல காரியம். ஆனால் எங்கள் பக்கம் வெட்ட வந்தவர்கள் தடியான கட்டையை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு, முள் விறகை ரோட்டோரமே தள்ளிவிட்டுப் போனார்கள். காய்ந்த முள் காற்றில் ரோட்டுக்கு வந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் அதே கதை. காரில் போகிறவருக்கு அது தெரியாது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை முதல் பீரியடைத் தவறவிட்டு, வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வருகிறது. நேரில் போய்ச் சொல்லியாயிற்று, மனுவும் கொடுத்தாயிற்று. முள்ளை அள்ளுவதற்கு நாசா வேண்டியதில்லை.

சரி, உங்கள் சைக்கிளுக்கு வருவோம். பாதிப் பஞ்சர் முள்ளால் வருவதில்லை, காற்று குறைந்து ஓட்டுவதால் வருகிறது. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபைக் கல்லோடு வைத்து நசுக்கி, பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை போடும். வாரம் ஒரு தடவை காற்றுப் பிடியுங்கள். காற்று மெதுவாக இறங்கினால் டியூபைக் கழற்றுவதற்கு முன், காற்று அடிக்கிற வால்வில் இருக்கிற சின்ன ரப்பர் குழாயான வால்டியூபை மாற்றிப் பாருங்கள், பல நேரம் அதுதான் வெடித்திருக்கும். முள் பாதை என்றால் பழைய டியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் விரிக்கச் சொல்லுங்கள். அதற்கு என் கடையில் கூலி கூட வாங்குவதில்லை. டயரில் நூல் தெரிய ஆரம்பித்துவிட்டால் மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.