மறு: போட்டோ பார்த்து வரையும் பறவைகள் ஒட்டிவைத்த மாதிரி இருக்கின்றன

வணக்கம். மான்செஸ்டரில் படிக்கிறீர்கள், பறவை படங்களில் இறக்கைதான் சரியாக அமையவில்லை, பெரிய லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்தப் பணத்தில் ஒருநாள் வேல்ஸ் போய் வாருங்கள்.

ஆங்கிள்சி தீவில் லாங்கெவ்னி ஊருக்குப் பக்கத்தில் ஓரியல் மோன் அருங்காட்சியகம் இருக்கிறது. பறவை ஓவியர் சார்லஸ் டன்னிக்ளிஃப் வரைந்தவற்றின் பெரிய தொகுப்பு அங்கேதான் உள்ளது. 1901-இல் உங்களுக்குப் பக்கத்து மாக்கிள்ஸ்ஃபீல்ட் பகுதியில் பிறந்தவர். 1947 முதல் 1979-இல் இறக்கும்வரை அந்தத் தீவின் கழிமுகக் கரையில் வாழ்ந்தார்.

அவர் வேலை செய்த விதம்தான் உங்களுக்கு முக்கியம். இறந்த பறவை கிடைத்தால் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து அதே அளவில் வரைவார். இறக்கையை விரித்து மேல்பக்கம் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம். எந்த இறகு எதன்மேல் படிகிறது என்பது அதில் அப்படியே தெரியும். உயிருள்ள பறவையின் நிற்பும் நடையும் தனி நோட்டில். இரண்டும் சேர்ந்துதான் ஓவியம். உங்கள் போட்டோவில் முதல் பாதி இல்லை, அதனால்தான் இறக்கை ஒட்டவில்லை.

அவர் இறந்தபின் தொகுப்பு ஏலத்தில் சிதற இருந்தது; 1981-இல் தீவின் உள்ளாட்சி மன்றமே வாங்கிக் காப்பாற்றியது. எனக்கு அதை நினைத்தாலே நெகிழ்ச்சிதான்.

அளவு ஓவியங்கள் இப்போது காட்சியில் உள்ளனவா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். செத்த பறவையை நீங்கள் தொடவேண்டாம், பறவைக்காய்ச்சல் அபாயம் உண்டு. மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் பாடம்செய்த பறவைகள் இருக்கின்றன; இந்த வாரமே ஒன்றின்முன் உட்கார்ந்து ஒரே ஓர் இறக்கையை வரையுங்கள். வரைந்ததை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.