உருளைக்கிழங்கு தோண்டும் கருவியால் கடலை பறிக்கலாமா?

வணக்கம். காரைக்குடிப் பக்கம் கடலை பறிக்க ஆள் கிடைக்காததால், உருளைக்கிழங்கு தோண்டும் டிராக்டர் கருவியை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம். கிழங்கு செடியிலிருந்து கழன்று வந்தாலும் பாதகமில்லை. கடலையோ செடியோடு சேர்ந்து வர வேண்டும், காய்ந்து இறுகிய நம் செம்மண்ணில் காம்பு அறுந்தால் காய் மண்ணிலேயே தங்கி, பெண்கள் மறுபடியும் களைக்கொத்தோடு குனிய நேரிடும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வந்த சுழல் கருவியும் மண்ணைக் கிளறிக் கிழங்கைப் பக்கவாட்டில் வீசியதே தவிர, பொறுக்கியெடுக்கும் முதுகொடியும் வேலையைப் பெண்களுக்கும் சிறுவர்களுக்குமே விட்டுவைத்தது. பின்னர் வந்த சங்கிலிக் கருவிதான், கம்பிகள் கோத்த சுற்றும் சங்கிலியில் ஏற்றிக் குலுக்கி, மண்ணை உதிர்த்துக் கிழங்கை வரிசையாகப் போட்டது. அதே முறையில் இயங்கும் கடலைக் கருவியை வாடகைக்கு எடுத்து, லேசான ஈரம் இருக்கும்போது ஒரு சால் மட்டும் ஓட்டி, செடியில் காயில்லாத வெறும் காம்புகள் எத்தனை தொங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.